ஞாயிற்றுக்கிழமை கெடாவில் பள்ளிக்கூடம் உண்டு

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுங்கை பட்டாணித் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு திடலில் வரிசை பிடித்து நிற்கிறார்கள். நில அலுவலகம் திறந்திருக்கிறது, வங்கி திறந்திருக்கிறது, நகராண்மைக் கழக முகப்பில் எண் சீட்டு கொடுக்கிறார்கள். பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பும் அப்பாவின் காரில் தமிழ் வானொலி ஓடுகிறது. இன்று ஓய்வு நாள்தானே, சாவகாசமாக எழுந்தீர்களா என்று விசாரிக்கிறது. அறிவிப்பாளரைக் குறை சொல்ல முடியாது. அவர் உட்கார்ந்திருக்கும் கோலாலம்பூரில் அன்று ஓய்வு நாள்தான்.

சின்ன விஷயம். ஆனால் வட மாநிலத்து வாசகர்கள் ஓயாமல் கேட்கும் ஒரு கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. எங்கள் ஊர்ச் சேதி ஏன் ரேடியோவில் வருவதில்லை என்பது அந்தக் கேள்வி. பாடாங் செராயில் கேட்கிறார்கள், கூலிமில் கேட்கிறார்கள், பாலிங்கில் கேட்கிறார்கள். கேட்கிறவர் கோபமாகக் கேட்கிறார். ஒருவர் மின்னல் எஃப்.எம்.மைத் திட்டுகிறார், இன்னொருவர் ராகாவைத் திட்டுகிறார், மூன்றாமவர் அரசியல்வாதிகளைத் திட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுகிறார். யார் எதற்குப் பொறுப்பு என்று தெரியாமலேயே சண்டை நடக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் ஜெராய் மலை. பீடோங், மெர்போக், குரூண், யான் என்று எங்கே நின்றாலும் கண்ணில் படும் மலை அது. சுமார் 1,200 மீட்டர் உயரம். உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. பண்பலை அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். அதனால்தான் உயரமான இடமாகப் பார்த்துக் கோபுரம் நடுகிறார்கள். கடலோரச் சமவெளியில் தெளிவாகக் கேட்கும் நிலையம், பாலிங், சிக் பக்கம் குன்றுகளின் மறைவில் போனதும் கரகரப்பதற்கும் அதுதான் காரணம். கோபுரம் நம் ஊரில் இருக்கிறது என்பதால் நிலையமும் நம் ஊரில் இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கோபுரத்துக்குச் சொந்தமாகப் பேச்சு கிடையாது. கோலாலம்பூர் அங்காசாபுரி நிலையத்தில் பேசுவதை வாங்கி அப்படியே வெளியே விடுவதுதான் அதன் வேலை.

கெடா வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கேட்கக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று. ஒன்று, மின்னல் எஃப்.எம். பழைய ஆள்கள் இன்னமும் ரேடியோ ஆறு என்றுதான் சொல்வார்கள். 2005இல்தான் மின்னல் ஆனது. இது ஆர்.டி.எம். நிலையம். அதாவது தொடர்பு அமைச்சின் கீழ் இயங்கும் ஓர் அரசாங்க இலாகாவின் பகுதி. நாடு முழுவதற்கும் ஒரே ஒலிபரப்பு. இரண்டாவது, ராகா. ஆஸ்ட்ரோ குழுமத்தின் தனியார் நிலையம். தமிழ் நேயர்களில் பெரும்பங்கு இதன் பக்கம். இதுவும் தலைநகர் வட்டாரத்திலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே ஒலிபரப்பு. மூன்றாவது, கெடா எஃப்.எம். இதுவும் ஆர்.டி.எம்.தான். நிலையம் அலோர் ஸ்டாரில் இருக்கிறது. கெடா பேச்சு வழக்கில், கெடாச் சேதியைச் சொல்லும் நிலையம். மொழி மலாய்.

இப்போது சிக்கல் எங்கே என்று தெரிகிறது. தமிழ் பேசும் நிலையம் கெடாவில் இல்லை. கெடாவில் இருக்கும் நிலையம் தமிழில் பேசுவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே விழுகிற பள்ளத்தில்தான் கெடாத் தமிழரின் காரியங்கள் போய்ச் சேருகின்றன. இதில் யாருடைய சதியும் இல்லை. மொழிவாரியாக ஓர் அடுக்கு, மாநிலவாரியாக ஓர் அடுக்கு என்று ஆர்.டி.எம். தன்னைப் பிரித்துக்கொண்டபோது, மாநில அடுக்கு மலாய் மொழியில் அமைந்தது, தமிழ் அடுக்கு தேசிய அளவில் அமைந்தது. மாநிலத்திலும் தமிழ், தமிழிலும் மாநிலம் என்கிற குறுக்குச் சந்திப்புக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

எப்போதும் இப்படி இருந்ததா என்றால், இல்லை. மலாயாவில் வானொலி தொடங்கியதே வட்டார முயற்சியாகத்தான். ஆங்காங்கே கம்பியில்லாத் தந்திச் சங்கங்கள் அமைத்துக்கொண்டு ஆர்வலர்கள் ஒலிபரப்பினார்கள். வடக்கில் அந்தப் பெருமை பினாங்குக்கு உண்டு. 1934 ஆகஸ்டில் பினாங்குக் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தின் ஒலிபரப்பகம் திறக்கப்பட்டது. இசட்.எச்.ஜே. என்பது அதன் அழைப்புக் குறி. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் அது ஒலிபரப்பியது. சிங்கப்பூர் கால்டிகாட் குன்றில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் 1937இல்தான் வந்தது. ஆக, கெடாவின் காதுக்கு எட்டும் தூரத்திலிருந்து தமிழ் ஒலித்தது சிங்கப்பூரின் அந்தப் பெரிய நிலையத்துக்கும் முந்தி. போருக்குப் பிறகு 1946இல் ஒலிபரப்பு அரசாங்க இலாகாவானது. 1959இல் ரேடியோ மலாயா சிங்கப்பூரிலிருந்து பிரிந்து கோலாலம்பூருக்குக் குடிவந்தது. 1963இல் ரேடியோ மலேசியா ஆனது. ஒவ்வொரு படியிலும் நிலையம் வலுத்தது, எட்டும் தூரம் கூடியது, பேசும் இடம் மட்டும் ஒன்றாகச் சுருங்கியது.

அவசரகாலத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1948 முதல் 1960 வரை அரசாங்கம் கம்யூனிஸ்டுகளோடு போரிட்ட காலத்தில், புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் பொது வானொலிப் பெட்டிகள் போயின. ஒரு பெட்டி, சுற்றிலும் கூட்டம். லயத்தில் இருந்தவர்களுக்கு அது பாட்டு கேட்கும் சாதனம். அரசாங்கத்துக்கு அது பிரச்சாரச் சாதனம். இரண்டும் உண்மை. ஆனால் அப்போது ஒலிபரப்பியவர்களுக்குத் தங்கள் நேயர் யார் என்பதில் குழப்பமே இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுவை முடித்து, மாலையில் ஓய்கிற ஓர் ஆள். அந்த ஆளுக்கு எப்போது நேரம் கிடைக்கும், எந்தச் சொல் புரியும் என்று அவர்கள் யோசிக்க வேண்டியிருந்தது.

அந்த ஆள் இப்போது தோட்டத்தில் இல்லை. இதையும் நம்மில் பலர் மறந்துவிட்டுப் பேசுகிறோம். கெடாத் தோட்டங்களில் கித்தா போய்ச் செம்பனை வந்தது, சில தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறின. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்குச் சீருடையோடு பேருந்து ஏறுகிறவர்களில் எத்தனையோ பேர் தோட்டத்து வீட்டில் பிறந்தவர்கள். இன்று தோட்டத்தில் வேலை செய்வோரில் வெளிநாட்டவர் பங்கு பெரிது. தமிழர்கள் தாமான்களிலும் மலிவு விலை அடுக்ககங்களிலும் சிதறி வாழ்கிறார்கள். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மட்டும் பல இடங்களில் பழைய தோட்டத்து மண்ணிலேயே நிற்கின்றன. மாநில மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ ஏழு விழுக்காடு. இப்படிச் சிதறிக் கிடக்கிற கூட்டத்துக்குத்தான் ஒரு பொதுக் குரல் அதிகம் தேவை. லயத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டுச் சுவரே சேதி சொல்லிவிடும்.

சரி, வானொலியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

ஆர்.டி.எம். ஓர் அரசாங்க இலாகா. அதில் வேலை செய்பவர்கள் அரசு ஊழியர்கள். மாநில அரசின் முடிவை மந்திரி பெசார் முகத்துக்கு நேரே கிழித்துப்போட வேண்டும் என்று மின்னல் எஃப்.எம்.மிடம் எதிர்பார்ப்பது, அந்த அறிவிப்பாளரின் நிலைமை தெரியாமல் பேசுவது. அதற்குப் பத்திரிகை இருக்கிறது, இணைய ஊடகம் இருக்கிறது. தனியார் நிலையத்தின் கணக்கு வேறு. அது விளம்பரத்தில் வாழ்கிறது. கோலாலம்பூர்க் கடைக்காரர் தரும் விளம்பரப் பணத்துக்கு முன்னால், கூலிம் கடைத்தெருவின் நகைக்கடை தரக்கூடியது எம்மாத்திரம்? வட்டாரத்துக்கென்று தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்கினால் அவர்களுக்கு நட்டம்தான். அவர்களைத் திட்டிப் பயனில்லை.

பொது வானொலியிடம் உரிமையோடு கேட்கக் கூடியது ஒன்று உண்டு. விளக்கம். அது அரசியலும் இல்லை, வியாபாரமும் இல்லை. சுருக்கமாக ஓர் உதாரணம். தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டிவிட்டால் தாமதப் பதிவு என்கிற வேறு கதவைத் தட்ட வேண்டும், கூடுதல் ஆவணங்கள் கேட்பார்கள். இந்த ஒரு தகவல் நேரத்துக்கு எட்டாமல், பிறப்புப் பத்திரம் இல்லாமல், பிறகு அடையாள அட்டை இல்லாமல், பள்ளிச் சேர்க்கையில் இடறி, வேலையில் இடறி நிற்கிற தோட்டத்துப் பிள்ளைகள் கதை நமக்குத் தெரிந்ததுதான். குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்நாளைக் கழித்த பாட்டிகளின் கதையும் தெரியும். பத்து நிமிடம் போதும். தேசியப் பதிவிலாகா அதிகாரி ஒருவர், பக்கத்தில் தமிழில் கேள்வி கேட்கிற ஒருவர். பாரத்தின் பெயர் என்ன, எந்த முகப்பில் கொடுப்பது, அப்பா அம்மாவுக்குத் திருமணப் பதிவு இல்லையென்றால் என்ன ஆகும், சுங்கை பட்டாணி அலுவலகம் எந்தக் கிழமை திறந்திருக்கும். கடைசிக் கேள்வியைக் கோலாலம்பூரில் இருக்கும் தயாரிப்பாளர் கேட்க மாட்டார். அவருக்கு அது கேள்வியாகவே தோன்றாது.

இன்னொன்று பள்ளி. கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல தோட்ட நிலத்தில் தொடங்கியவை. பள்ளி நிற்கிற நிலம் அரசாங்கத்தினுடையது என்றால் அது முழு உதவி பெறும் பள்ளி. நிலம் தோட்ட நிறுவனத்தினுடையதோ மற்றவருடையதோ என்றால் பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளத்தை இரண்டுக்கும் அரசாங்கமே கொடுக்கிறது. ஆனால் கட்டடம் கட்டுவது, கூரை மாற்றுவது, வேலி போடுவது என்று வரும்போது இரண்டாம் வகைப் பள்ளியின் வாரியம் உண்டியல் தூக்க வேண்டி வருகிறது. மாணவர் எண்ணிக்கை 150க்குக் கீழே போனால் குறைந்த மாணவர் பள்ளி என்ற வகைக்குள் வந்துவிடும். இவ்வளவும் தெரிந்த பெற்றோர் எத்தனை பேர்? "ஏன் எங்கள் பள்ளிக்கு மட்டும் அரசாங்கம் காசு தரவில்லை?" என்று கூட்டத்தில் எழுந்து கத்துகிற தந்தைக்கு யாராவது இதை ஒருமுறை பொறுமையாகச் சொல்லியிருந்தால், அவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். நிலத்தை மாற்றிக் கொடுக்கத் தோட்ட நிறுவனம் சம்மதிக்குமா என்பது அந்த அடுத்த கேள்வி. அதுதான் உண்மையான கேள்வி.

தைப்பூசம் வந்தால் நாட்டுத் தமிழ் ஊடகமெல்லாம் பத்துமலைக்குப் போகிறது, மிச்சம் பினாங்குக்கு. சுங்கை பட்டாணி சுப்பிரமணிய சுவாமி தேவஸ்தானத்திலும் காவடி பெருங்கூட்டமாக எடுக்கப்படுகிறது. வடக்கின் பெரிய தைப்பூசங்களில் அது ஒன்று. எந்தச் சாலை அடைப்பு, எங்கே வண்டி நிறுத்தலாம், எந்தப் பந்தலில் தண்ணீர் இருக்கிறது என்பது கெடா நேயருக்கு அன்று தேவைப்படும் சேதி. அதைவிடப் பெரிய குழப்பம் விடுமுறை. சிலாங்கூர், பேராக், பினாங்கு போன்ற மாநிலங்களில் தைப்பூசம் பொது விடுமுறை. கெடாவில் மாநில அரசு தனியாக அறிவித்தால்தான் விடுமுறை என்கிற வழக்கம் இருந்துவந்தது. 2021 ஜனவரியில், பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி மந்திரி பெசார் சனுசி நோர் அதை ரத்து செய்தபோது எழுந்த கொந்தளிப்பை யாரும் மறக்கவில்லை. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம், நமக்கு அதில் கருத்தும் உண்டு. ஆனால் அந்த வாரத்தில் பேசிக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு, மாநில விடுமுறையை யார் அறிவிப்பது, நிரந்தரப் பொது விடுமுறைக்கும் அந்தந்த ஆண்டு தருகிற சிறப்பு விடுமுறைக்கும் என்ன வேறுபாடு, தனியார் முதலாளிக்கு இரண்டில் எது கட்டாயம் என்பது தெரியாது. கோபத்துக்குப் பஞ்சமில்லை. தகவலுக்குத்தான் பஞ்சம்.

பேரிடர் நேரத்தில் இந்தப் பஞ்சம் உயிர் விஷயம் ஆகிவிடுகிறது. 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் யான் பக்கம் உயிர்களைக் கொண்டுபோனது. 2022 ஜூலையில் பாலிங், கூப்பாங் வட்டாரத்தில் சேறும் மரக்கட்டையுமாக வந்த வெள்ளத்தில் மூவர் இறந்தார்கள். இந்த மாதிரி நேரங்களில் மாநில வானொலி மலாயில் சொல்லும், நம் மக்களுக்கு மலாய் புரியும், உண்மைதான். புரியும் என்பதால் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. தமிழ்ப் பாட்டு ஓடும் அலைவரிசையில் காதை வைத்திருக்கும் வயதான தம்பதிக்கு, ஆறு ஏறுகிறது என்ற சேதி அந்த அலைவரிசையிலேயே வர வேண்டும்.

வேறு ஊர்களில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் வழி கொஞ்சம் தெளிவாகிறது. தமிழ்நாட்டில் சென்னை வானொலி 1938இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே திருச்சிக்குத் தனி நிலையம் கொடுத்துவிட்டார்கள். டெல்லிச் செய்தியை அஞ்சல் செய்வார்கள், பிறகு தங்கள் வட்டாரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த நிலையம் செய்த ஒரு காரியம் வானொலி வரலாற்றில் இடம் பிடித்தது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தை எப்படி நாற்றுவிடுவது, எப்போது உரம் வைப்பது என்று திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு தஞ்சாவூர் விவசாயிக்கு அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஜனங்கள் அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ அதைச் செய்திருக்க முடியாது. காவிரியில் தண்ணீர் எப்போது வரும், குறுவைக்கு எந்த வாரம் விதைப்பார்கள் என்று தெரிந்தவர்கள் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

சமூக வானொலி என்பது அதற்கடுத்த படி. இந்தியாவில் கல்வி நிலையங்களுக்கு முதலில் வாசல் திறந்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். வந்தது. 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் அனுமதி கிடைத்தது. 2016இல் பாம்பனில் கடல் ஓசை என்று மீனவர்களுக்காகவே ஒரு நிலையம் எழுந்தது. அதில் காற்று, அலை, கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதுதான் தலைப்புச் செய்தி. இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. இந்தியச் சமூக வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்பது விதி. ஆனால் வானிலை, போக்குவரத்து, தண்ணீர் மின்சாரத் தடை, பேரிடர் எச்சரிக்கை, தேர்வு, திருவிழா இவையெல்லாம் செய்தி ஆகாது, தகவல் என்று அதே விதி ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது. நாம் மேலே கெடாவுக்குக் கேட்டவற்றை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அநேகமாக எல்லாமே தகவல் பக்கத்தில்தான் விழுகின்றன. எந்த அமைச்சும் அஞ்ச வேண்டியது இதில் இல்லை.

நம் நாட்டில் சமூக வானொலிக்கு இப்படியொரு தனிப் பாதை போடப்படவில்லை. ஒலிபரப்பு உரிமம் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் வருகிறது. பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதிய ஏற்பாடு அது. பத்துமலை வாசலில் உண்டியல் குலுக்கித் தோட்டத்து இளைஞர் மன்றம் ஒன்று வானொலி நடத்திவிட முடியாது. பல்கலைக்கழக வளாகங்களில் மாணவர் வானொலிகள் உண்டு, சிந்தோக்கில் இருக்கும் உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. ஆனால் வளாகத்தின் தேவை ஒன்று, பாடாங் செராய் அடுக்ககத்தின் தேவை வேறொன்று.

கலைப் பக்கம் வந்தால் கெடாவின் வறுமை இன்னும் விசித்திரமானது, ஏனென்றால் சரக்கு நிறைய இருக்கிறது. ரெ. கார்த்திகேசு பீடோங்கில் பிறந்தவர். வானொலியில் ஒலிபரப்பாளராக இருந்தார், பிறகு பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் தகவல் சாதனத் துறையில் பேராசிரியரானார். மலேசியத் தொலைக்காட்சியின் வரலாற்றை மலாயில் நூலாக எழுதினார். வானத்து வேலிகள், அந்திம காலம் போன்ற நாவல்களைத் தமிழில் எழுதினார். 2016இல் மறைந்தார். வானொலியை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பார்த்த இப்படி ஒருவரைக் கொடுத்த ஊர் பீடோங். மண் புழுக்கள் நாவலை எழுதிய சீ. முத்துசாமி சுங்கை பட்டாணிக்காரர். 2017இல் கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் விருது கொடுத்து அவரைக் கொண்டாடினார்கள். கே. பாலமுருகன் சுங்கை பட்டாணியில் இருந்து எழுதுகிறார். ம. நவீன் லுனாஸ் மண்ணில் வளர்ந்தவர். லுனாஸில் விஷச் சாராயம் பல உயிர்களைக் குடித்த சம்பவத்தைத் தொட்டுச் செல்லும் அவருடைய பேய்ச்சி நாவலை 2020இல் உள்துறை அமைச்சு தடை செய்தது. தடை விழுந்த புத்தகத்தை அரசாங்க வானொலி வாசிக்காது, அது தெரிந்த கதை. தடை விழாத நூறு புத்தகங்கள் இருக்கின்றனவே, அவற்றை வாசிக்கலாம் அல்லவா?

கெடாவின் பழைய பெயரான கடாரம் என்று சொன்னால் நம் மேடைப் பேச்சாளர்களுக்கு உடனே ராஜேந்திர சோழன் ஞாபகம் வந்துவிடுகிறான், கப்பல் வந்துவிடுகிறது. பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றி வானொலியில் பேசியவர்கள் பலர். பேசட்டும். அதே பள்ளத்தாக்குக்குப் பக்கத்திலிருக்கும் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில், 1946, 1947இல் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைக்கு எதிராகத் தொழிலாளர்களைத் திரட்டினாரே, அதைப் பற்றி எத்தனை மணி நேரம் ஒலிபரப்பியிருக்கிறோம்? ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கடாரம் தெரிகிறது, எண்பது ஆண்டுக்கு முந்திய கெடா தெரியவில்லை. ஹார்வார்டைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டு வைத்திருக்கிற பேரப்பிள்ளைகள் இன்னமும் இருக்கிறார்கள். பால்வாளியோடு பாடிய பாட்டு, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுப் பாடியது, சாவு வீட்டில் அழுது பாடியது, இவற்றையெல்லாம் பாடத் தெரிந்த கிழவிகள் சிலர் மிச்சம். ஒலிப்பதிவுக் கருவியோடு ஒருவர் போய் அவர்கள் முன்னால் உட்கார வேண்டும். உறுமி மேளக் குழுக்களில் எது எந்தத் தோட்டத்துக் குழு, யாரிடம் பழகியது என்று கேட்டுப் பதிய வேண்டும். இப்போதைக்கு உறுமி நமக்கு வானொலியில் சினிமாப் பாட்டின் இடையிசையாகத்தான் வந்து சேர்கிறது.

"போனில் எல்லாம் வருகிறதே, ரேடியோ எதற்கு?" என்று இளைய வாசகர்கள் கேட்பார்கள். புலனக் குழுவில் சேதி வருகிறது, மெய்தான். வெள்ளம் என்று பழைய படம் வருகிறது, அரசாங்கம் பணம் தருகிறது என்று மோசடி இணைப்பு வருகிறது, யார் சொன்னது என்று கேட்டால் யாரோ அனுப்பியது என்று பதில் வருகிறது. பெயரோடு, நிலையத்தோடு, நாளை தவறு என்றால் திருத்திச் சொல்லும் பொறுப்போடு வருகிற குரலுக்கு இன்னும் வேலை இருக்கிறது. காரோட்டிக்கொண்டு, சமைத்துக்கொண்டு, சாப்பாட்டுக் கடையில் மாவு பிசைந்துகொண்டு கேட்கக்கூடிய குரலாகவும் அது இருக்க வேண்டும்.

அப்படியானால் கெடாவுக்குத் தனித் தமிழ் நிலையம் வேண்டுமா? நம் கருத்தில் வேண்டாம், குறைந்தது இப்போதைக்கு வேண்டாம். இருபத்துநான்கு மணி நேரத்தை நிரப்ப ஆள் வேண்டும், பணம் வேண்டும். கிடைக்காதபோது மறுபடி சினிமாப் பாட்டில்தான் போய் முடியும். தேவை ஒரு பிரிவு நேரம். வாரத்தில் குறிப்பிட்ட சில மணி நேரம் ஜெராய் மலைக் கோபுரம் அங்காசாபுரியிலிருந்து விலகி, அலோர் ஸ்டாரிலிருந்து தமிழில் பேசிவிட்டு, மறுபடி தலைநகரோடு சேர்ந்துகொள்வது. உலகெங்கும் பொது வானொலிகள் காலங்காலமாகச் செய்கிற காரியம் இது. அலோர் ஸ்டாரில் ஆர்.டி.எம்.முக்கு ஒலிப்பதிவுக் கூடம் ஏற்கெனவே இருக்கிறது. கோபுரம் இருக்கிறது. இல்லாதது அந்தக் கட்டடத்தில் ஒரு தமிழ்த் தயாரிப்பாளரின் மேசை. வெள்ளிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கொடுத்தால், கெடாவில் வீட்டில் இருப்பவர்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் முள் ஒன்று இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெராய் மலையிலிருந்து கிளம்பும் அலை கெடா எல்லையில் நிற்காது. பெர்லிஸ் பக்கமும் போகும், கடல் தாண்டிப் பினாங்குப் பக்கமும் போகும். கெடாவுக்கென்று பிரித்த நேரம் உண்மையில் வடக்குக்கென்று பிரித்த நேரமாகிவிடும். பினாங்கில் தமிழர் எண்ணிக்கையும் அதிகம், சங்கங்களும் அதிகம், ஒலிவாங்கியைக் கண்டால் விடாத பேச்சாளர்களும் அதிகம். அந்த இரண்டு மணி நேரத்தில் பாலிங்குக்கும் பாடாங் செராய்க்கும் எத்தனை நிமிடம் என்பதை நேரம் ஒதுக்கும் நாளிலேயே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கோரிக்கை மனு எழுதும் இயக்கங்கள் "எங்களுக்கு வானொலி வேண்டும்" என்று ஒற்றை வரியில் எழுதாமல், என்ன கிழமை, எத்தனை நிமிடம், எந்த நகரத்தில் யார் சேதி சேகரிப்பது, தேசியப் பதிவிலாகாவிலிருந்தும் மாவட்ட அலுவலகத்திலிருந்தும் மாதம் ஒருமுறை யார் வந்து பதில் சொல்வது என்று பத்தி பிரித்து எழுதட்டும். அப்படி எழுதிய மனுவை ஓர் அதிகாரி நிராகரிப்பதாக இருந்தாலும், எந்தப் பத்தியை நிராகரிக்கிறார் என்று அவர் சொல்லியாக வேண்டியிருக்கும்.